சிவந்த நீரும் முதல் ஸ்கேனும்: பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் சிறுநீரகப் புற்றுநோய்

1. கேள்வி

பரங்கிப்பேட்டையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறவர் பி.முட்லூரில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். தெற்கே திரும்பினால் சிதம்பரம். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் மாநில அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்கும் மருத்துவமனை அங்கே அண்ணாமலைநகரில் இருக்கிறது. வடக்கே திரும்பினால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. அதையும் தாண்டிப் போனால் புதுச்சேரியில் ஜிப்மர், அதன் வட்டாரப் புற்றுநோய் மையம். அங்கும் ஆகாதென்றால் சென்னை, அடையாறு புற்றுநோய் மையம்.

மாவட்டத்தின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரில் இல்லாமல் சிதம்பரத்தில் இருப்பது பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வகையில் வசதி. கிள்ளை, புவனகிரி, புதுச்சத்திரம் என்று சுற்றியுள்ள ஊர்களுக்கும் அது எட்டும் தூரம்தான். ஆகவே இந்த வட்டாரத்தைத் தமிழகத்தின் ஒதுக்குப்புறம் என்று சொல்ல முடியாது. சாலை உண்டு, விழுப்புரம்–மயிலாடுதுறை ரயில் பாதையில் நிலையம் உண்டு, காப்பீட்டு அட்டை உண்டு. இவ்வளவும் இருக்கும் இடத்தில் சிறுநீரகப் புற்றுநோய் வந்த ஒருவர் பிழைப்பதையும் பிழைக்காமல் போவதையும் எவை தீர்மானிக்கின்றன? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான்.

மருத்துவ நூல்களின் பதில் தெளிவானது: கட்டி எந்த நிலையில் இருக்கிறது, அதன் செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமானவை, எந்த வகையைச் சேர்ந்தவை. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பங்கு சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தோன்றுவது. அதிலும் நான்கில் மூன்று பங்கு ‘தெளிசெல்’ வகை. கட்டி 7 செ.மீ.க்குள் சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் முதல் நிலை. நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டால் நான்காம் நிலை. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, சிறுநீரகத்துக்குள் அடங்கிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 93 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர்கூடக் கடப்பதில்லை.

இந்தப் பதில் சரியானது. ஆனால் பாதிப் பதில். ‘நிலை’ என்ற சொல்லைக் கட்டியின் குணமாகவே படித்துப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் எத்தனை மாதம் எங்கெங்கே அலைந்தார் என்ற கணக்கும் அடங்கியிருக்கிறது. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு அவர் கதை முடிவதும் இல்லை; மிஞ்சியிருக்கும் சிறுநீரகம் எந்த வெயிலில், எந்த மருந்துகளோடு வாழப்போகிறது என்பது அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. முன்னாலும் பின்னாலும் உள்ள இந்த இரண்டு காலங்கள்தான் இவ்வட்டாரத்தில் மிகுதியான உயிர்களைக் கைவிடுகின்றன என்பது என் வாதம்.

2. எண்கள்

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில், உலக அளவில் சிறுநீரகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 4,31,000 பேர். இறந்தவர்கள் சுமார் 1,79,000 பேர். இந்தியாவுக்கான மதிப்பீடு ஏறத்தாழ 16,900 புதிய நோயாளிகள், 9,900 இறப்புகள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023க்குக் கணித்தது 81,800 புதிய நோயாளிகள், 14,890 இறப்புகள். அங்கே நூறு பேருக்கு நோய் கண்டறியப்பட்டால் அதே ஆண்டில் பதினெட்டு இறப்புகள் பதிவாகின்றன. இங்கே ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நம் மருத்துவம் மூன்று மடங்கு மோசம் என்று முடிவு கட்டினால் தவறு. அமெரிக்காவில் வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் சிறு கட்டிகள் ஏராளம். அவற்றில் பல ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் அளவே வளர்பவை. கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் ஆளைக் கொன்றிருக்காதவை. சிறு கட்டிகளை அகற்றும் அறுவைகள் அங்கே கூடிக்கொண்டே போயும் இறப்பு விகிதம் அதற்கேற்பக் குறையவில்லை என்பதை 2006இல் ஹாலிங்ஸ்வொர்த் குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். சாதுவான கட்டிகளைச் சேர்த்து எண்ணினால் பிழைத்தவர் கணக்கு தானாகவே உயரும். நம் பக்கமோ எதிர்த் திசையில் சாய்கிறது: கண்டறியப்படாமலே போனவர்கள் எண்ணிக்கையில் வருவதில்லை. தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான பதிவேட்டை நடத்திவருகிறது. 2012 முதல் மாநிலம் முழுவதையும் உள்ளடக்கிய பதிவுத் திட்டமும் அதன் ஒருங்கிணைப்பில் நடக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய நிறுவனம் செய்த பெருங்கொடைகளில் இந்தப் பொறுமையான எண்ணும் வேலையையும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கருத்தையும் சோதித்துப் பார்க்கலாம். லக்னோ மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் இந்நோய் இளவயதிலேயே வருகிறது, முற்றிய நிலையில் வந்து சேர்கிறது என்று தலைப்பிலேயே சொன்னது. மேலை நாடுகளில் அறுபதுகளின் நடுவில் காணப்படும் நோய் இங்கே ஐம்பதுகளில் காணப்படுகிறது என்பது பல மருத்துவமனைகளின் அனுபவமும்கூட. நம் மரபணுவில் ஏதோ இருக்கிறது என்று இதற்கு விளக்கம் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு எளிய விளக்கம் போதும் என்று படுகிறது. இந்திய மக்கள்தொகையே இளமையானது; எந்த நோயை எடுத்தாலும் நோயாளிகளின் சராசரி வயது இங்கே குறைந்தே தெரியும். அதோடு, எழுபது வயதுத் தாத்தாவை உயர் மருத்துவமனை வரை அழைத்துப் போகக் குடும்பங்கள் தயங்குகின்றன. ஐம்பது வயதில் சம்பாதிக்கிறவரை எப்பாடுபட்டாவது கொண்டுபோகின்றன. மருத்துவமனைப் பதிவில் இடம்பெறுகிறவர்கள் யார் என்பதைக் குடும்பம் முன்பே தேர்ந்து அனுப்பிவிடுகிறது. லக்னோ ஆய்வின் இரண்டாம் பாதிக்கு, அதாவது முற்றிய நிலையில் வருகிறார்கள் என்பதற்கு, இப்படி மாற்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

3. கல்லும் சூடும்

ஏன் தாமதமாக வருகிறார்கள்? விழிப்புணர்வு இல்லை என்பது வழக்கமான பதில். அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. இந்தக் கடற்கரையில் சிறுநீர் பற்றிய அறிவு நிறையவே இருக்கிறது. நீர்க்கடுப்பு, நீர்க்குத்தல், சூடு, கல்லடைப்பு என்று நுணுக்கமாகப் பிரித்துப் பேசும் மொழி இருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள் கஷாயம், சிறுகண்பீளை, இளநீர், உச்சந்தலையிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் கைவைத்தியம் இருக்கிறது. உச்சி வெயிலில் கடலிலும் வயலிலும் இறால் பண்ணையிலும் நின்று, குறைவாகத் தண்ணீர் குடித்து வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீர்க் கல் உண்மையிலேயே அடிக்கடி வரும் நோய். மீன் கூடையோடு தெருத்தெருவாக அலையும் பெண்கள் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதும் உண்மை. ஆகவே நீர் சிவந்து போனால் கல் என்றோ சூடு என்றோ நினைப்பது மூடத்தனம் ஆகாது. பத்தில் ஒன்பது முறை அந்த ஊகம் சரியாகவே இருக்கும்.

பத்தாவது முறை என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். சிறுநீரகக் கட்டியிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் வலியில்லாமல் வரும். இரண்டு நாள் வந்து தானாகவே நின்றுவிடும். அடுத்த முறை வர வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். இந்த விட்டுவிட்டு வரும் குணம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. வாழைத்தண்டுச் சாறு குடித்த மூன்றாம் நாள் ரத்தம் நின்றால் சாறு கேட்டது என்றாகிறது. கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறார்கள், ரத்தம் நிற்கிறது, மருந்து கேட்டது என்றாகிறது. வீட்டுப் பாட்டியும் படித்த மருத்துவரும் ஒரே மாயையில் விழுகிறார்கள். தானாக நின்ற ஒன்றுக்குத் தாம் கொடுத்ததே காரணம் என்று இருவரும் நம்புகிறார்கள். இதில் பாட்டியைவிட மருத்துவரிடம்தான் எனக்கு வருத்தம் அதிகம். வலியோடு வரும் ரத்தத்தைவிட வலியில்லாமல் வரும் ரத்தத்துக்கே அஞ்ச வேண்டும் என்பது அவர் படித்த பாடத்திலேயே இருக்கிறது.

ரத்தம், விலாவில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதே இந்நோயின் அடையாளம் என்று பழைய பாடநூல்கள் எழுதின. மூன்றும் ஒருசேர வருவது இன்று பத்தில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். மற்றவர்களுக்கு நோய் வேறு முகமூடிகளோடு வருகிறது. காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைவு, புதிதாக ஏறிய ரத்த அழுத்தம், சோகை, சிலருக்கு இடது விதைப்பையில் புதிதாகப் புடைக்கும் நரம்பு. இவற்றில் எதையும் பார்த்து ‘கிட்னியில் கட்டி’ என்று யாருக்கும் தோன்றாது.

ஆகவே முதல் ஸ்கேன் எப்போது எடுக்கப்படுகிறது என்பதே கட்டியின் நிலையை எழுதுகிறது. வயிற்று அல்ட்ராசவுண்ட் பத்து நிமிட வேலை; 3 செ.மீ. கட்டியையும் பெரும்பாலும் காட்டிவிடும். எந்திரங்களும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் அவை இருக்கின்றன. ஆனால் கர்ப்பிணிகளுக்காக இருக்கின்றன. தாய்சேய் நலத்தில் தமிழகம் ஈட்டிய வெற்றியின் விளைவு அது. கருவின் பாலினத்தை அறிந்து கலைப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் ஒவ்வொரு எந்திரத்தையும் பதிவு செய்ய வைத்து, இடம்விட்டு இடம் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் தேவையானது, அதைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் நிழலில் அல்ட்ராசவுண்ட் என்பது பிள்ளைப்பேற்றுக்கான கருவி என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. இருபத்தைந்து வயதில் மூன்று முறை ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதில் சிவந்த நீர் போகும்போது ஒரு முறைகூட எடுக்கப்படுவதில்லை. ஆண்களுக்கோ கல் வலி வந்து துடித்தால்தான் அந்த அறைக்குள் நுழைவு. பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் உழைக்கிறவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்வரை எதையும் வெளியே சொல்லாமல் அடக்கி வைப்பதே அங்கே பிழைக்கும் வழி.

எல்லோருக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் என்று நான் கேட்கவில்லை. சாதுவான கட்டிகளைத் தோண்டியெடுக்கும் அமெரிக்க அனுபவம் அதற்கு எதிராகவே பேசுகிறது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2015 முதல் பின்பற்றும் முறை இன்னும் எளிமையானது: 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குத் தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி நீரில் ரத்தம் போனாலோ, தொற்றுக்கு மருந்து கொடுத்த பிறகும் ரத்தம் தொடர்ந்தாலோ திரும்பி வந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகத்தோடு உடனே சிறுநீரியல் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இதே விதியில் பிடிபடும். தமிழக அரசு 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பட்டை வைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. அத்தகைய பட்டைகள் பலவற்றில் ரத்தத்தைக் காட்டும் கட்டமும் உண்டு. அந்தக் கட்டம் நிறம் மாறினால் அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வைப்பதற்குப் புதிய எந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை.

4. முழுதா, பகுதியா

கட்டி சிறுநீரகத்துக்குள் இருக்கும்போதே பிடிபட்டால் அறுவைதான் மருத்துவம். 1869இல் ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் சீமோன் முதன்முதலில் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியும் என்று நாய்களில் சோதித்துப் பார்த்துவிட்டே அதில் இறங்கினார். நூறாண்டு கழித்து, 1960களில் ராப்சன் வகுத்த முறையில் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்போடும் உறையோடும் முழுதாக எடுப்பது நிலைபெற்றது. இன்று சிறு கட்டியென்றால் கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மிச்சத்தைக் காப்பதே விரும்பத்தக்கது என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

சான்றுகள் இதில் ஒருமுகமாக இல்லை. நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி இருந்த 662 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, பகுதி அறுவை செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுகள் வரை சிறுநீரகத் திறன் ஆபத்தெல்லைக்குக் கீழே இறங்கவில்லை, முழுதாக எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கே அந்த நிலை என்று காட்டியது. மறுபுறம், ஐரோப்பாவில் 541 பேரைச் சீட்டுப்போட்டுப் பிரித்து நடத்திய சோதனையில் பத்தாண்டு முடிவில் முழுதாக எடுத்தவர்களில் 81.1 சதவீதமும் பகுதி எடுத்தவர்களில் 75.7 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். சிறுநீரகத் திறன் காக்கப்பட்டது, ஆயுள் கூடவில்லை.

சீட்டுப்போட்டுப் பிரித்த சோதனைக்கே மதிப்பு அதிகம் என்பது பொது விதி. அந்த விதியை மதித்தாலும், இங்குள்ள நோயாளிக்கு நான் நியூயார்க் பதிவுகளையே அதிகம் கணக்கில் கொள்வேன். அந்த ஐரோப்பியச் சோதனையில் சேர்ந்தவர்கள் பெரிதும் நல்ல உடல்நிலையோடும் இயல்பாக இயங்கும் மறு சிறுநீரகத்தோடும் இருந்தவர்கள். இங்கே ஐம்பது வயதில் அறுவைக்கு வருகிறவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்க வாய்ப்பு மிகுதி. அவை மாத்திரையில் கட்டுப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. 2020இல் எடுக்கப்பட்ட மாநில அளவிலான கணக்கெடுப்பில் ரத்த அழுத்த நோயாளிகளில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. கிரியாட்டினின் சோதனை தரும் நிம்மதியும் பல நேரம் பொய். அது தசையிலிருந்து வரும் கழிவு. ஒல்லியான உடம்புக்காரருக்குச் சிறுநீரகம் பாதி தளர்ந்த பிறகும் எண் இயல்பாகவே தெரியலாம். நியூயார்க்கில்கூட கிரியாட்டினின் இயல்பாக இருந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன்பே சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது.

ஆனால் பகுதி அறுவை கைத்திறன் கேட்பது. ரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்திவைத்து, கட்டியை அறுத்து, தைத்து, மீண்டும் திறந்துவிட வேண்டும். அடிக்கடி செய்கிறவர் கையிலேயே அது பாதுகாப்பானது. ஆகவே பி.முட்லூரில் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது இங்கேயும் முடிவைத் தொடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி 2012இல் இன்றைய வடிவம் பெற்றது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அத்திட்டம் அறுவைச் செலவைப் பெருமளவு ஏற்கிறது. துணைக்கு வருகிறவரின் கூலி, பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வாசலில் படுத்திருக்கும் இரவுகள் ஆகியவை அதற்குள் வருவதில்லை. தூரத்து மையத்தில் சிறந்த அறுவையா, பக்கத்தில் முழுதாக எடுப்பதா என்ற கேள்விக்குக் குடும்பங்கள் இந்தச் செலவுகளை வைத்தே பதில் சொல்கின்றன.

5. பரவிய நோயும் ஒரு சென்னைத் தீர்ப்பும்

நோய் பரவிய பிறகு யாருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க மருத்துவர்கள் ஆறு கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 2009இல் ஹெங் குழுவினர் வகுத்தது. நோயாளியால் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியவில்லையா, நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் பரவலுக்கான மருந்து தேவைப்பட்டதா, ஹீமோகுளோபின் குறைவா, சுண்ணாம்புச் சத்து அதிகமா, வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் வகை அதிகமா, தட்டணுக்கள் அதிகமா. ஒன்றோ இரண்டோ ‘ஆம்’ என்றால் நடுத்தர அபாயம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் கடும் அபாயம்.

இந்த அளவுகோலை நம் ஊர் நோயாளியின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது. நோய் பரவிய பிறகே முதல் ஸ்கேன் எடுத்தவர் இரண்டாம் கேள்வியில் தானாகவே மாட்டிக்கொள்கிறார்; கட்டியின் வேகத்தை அளக்க வந்த கேள்வி அவருடைய தாமதத்தை அளந்துவிடுகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை. மீன் விற்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் ஹீமோகுளோபின் குறைவுக்குக் கட்டியும் காரணமாகலாம், நாற்பது வருட உணவும் காரணமாகலாம். அளவுகோல் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். வட அமெரிக்க நோயாளிகளைக் கொண்டு செய்த கருவியை இங்கே பயன்படுத்துகிற மருத்துவர் இந்த இரண்டு மதிப்பெண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

கட்டியை எடுத்தாலாவது ஆள் தேறிவிடுவார் என்ற குடும்பத்தின் மன்றாட்டைப் பற்றியும் ஒரு சொல். பரவிய நோயில் முதலில் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு மருந்து தொடங்குவது, எடுக்காமலே சுனிடினிப் மாத்திரை தொடங்குவது என்று இரண்டையும் ஒப்பிட்ட பிரெஞ்சுச் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. எடுத்தவர்கள் நடு அளவில் 13.9 மாதமும் எடுக்காதவர்கள் 18.4 மாதமும் வாழ்ந்தார்கள். நடுத்தர, கடும் அபாயப் பிரிவினருக்கு அவசர அறுவை கட்டாயம் இல்லை என்பதை வீட்டாரிடம் பொறுமையாகச் சொல்ல யாராவது வேண்டும்.

மருந்தின் கதையில் தமிழகத்துக்கு ஒரு பெருமையான பக்கம் உண்டு. சோராஃபெனிப் என்ற மாத்திரை சிறுநீரகப் புற்றுநோய்க்காக 2005 இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் பேயர் நிறுவனம் அதை மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், அதே மருந்தை மாதம் 8,800 ரூபாய்க்குத் தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அது. தேவைப்பட்டவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கே பேயரின் மருந்து எட்டியது என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. பேயர் மேல்முறையீடு செய்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திடம். நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு 2013 மார்ச் 4 அன்று உரிமத்தை உறுதிசெய்தது; பேயருக்குத் தர வேண்டிய பங்கை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. பிறகு மும்பை உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

அந்தத் தீர்ப்பை நான் மிக மதிக்கிறேன். ஆனால் அது வென்ற மருந்தின் அளவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சோராஃபெனிப் நோய் பெருகாமல் நிறுத்திவைத்த காலம் 5.5 மாதம், மருந்தில்லாதவர்களுக்கு 2.8 மாதம். சட்டம் விலையை இறக்குவதற்குள் மருத்துவம் அடுத்த படிக்குப் போய்விட்டது. 2018க்குப் பிறகு நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் ஊசிகள் பரவிய நோயில் முதல் தெரிவாயின. அறுவைக்குப் பின் ஓராண்டு பெம்ப்ரோலிசுமாப் செலுத்தினால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களில் நான்காண்டு முடிவில் உயிரோடிருப்பவர்கள் 86 சதவீதத்திலிருந்து 91.2 சதவீதமாக உயர்வதாக 2024இல் வெளியான முடிவு காட்டியது. அந்த ஊசியின் விலை காப்பீட்டு வரம்பைத் தாண்டுவது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயில் வேறொரு பாதையைச் சோதித்தது. வழக்கமான அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கான 20 மில்லிகிராம் நிவோலுமாப் (இதுவும் அதே வகை ஊசி) சேர்த்தபோது ஓராண்டு பிழைத்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். 2023இல் வந்த இந்த முடிவைச் சிறுநீரகத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. ஆனால் நம் நாட்டு மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்வி எப்படிப்பட்டது என்பதை அது காட்டிவிட்டது.

6. சிப்காட் காற்று

பரங்கிப்பேட்டையிலிருந்து ஜிப்மருக்குப் போகும் பேருந்து கடலூருக்கு முன்னால் சிப்காட் தொழிற்சாலை வளாகத்தைக் கடக்கிறது. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் பக்கத்து மக்கள் பல ஆண்டுகளாகக் காற்றின் நாற்றத்தை நாள், மணி குறித்துப் பதிவு செய்தவர்கள். 2004 முதல் தாங்களே காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியவர்கள். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, அங்கு வாழ்வோருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று சொன்னதாகச் செய்திகளில் பரவலாக எடுத்தாளப்பட்டது.

இதைச் சிறுநீரகத்தோடு இணைக்கும்போது கவனம் தேவை. அந்த எண் காற்றிலுள்ள வேதிப்பொருள்களின் அளவிலிருந்து கணக்கிட்ட மதிப்பீடு; நோயாளிகளை எண்ணிச் சொன்னதல்ல. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைச் சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று வகைப்படுத்தியது. அதற்கான சான்று, உலோகத்தைக் கழுவும் வேலையில் ஆண்டுக்கணக்கில் அதை முகர்ந்த தொழிலாளர்களிடமிருந்து வந்தது. தனி ஒருவரின் கட்டிக்கு ஆலைதான் காரணம் என்று இந்த வகைச் சான்றால் நிறுவ முடியாது. புகைபிடித்தல், உடல் பருமன், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றுமே இந்நோய்க்கு நன்கு நிறுவப்பட்ட காரணங்கள். ஆனால் அதையே சாக்காக வைத்து, அக்கிராமங்களின் நோயாளிகளைத் தனியாக எண்ணிப் பார்க்காமல் இருப்பதும் நியாயமில்லை. மாநிலப் பதிவேட்டில் முகவரி இருக்கிறது; அதில் இரண்டு கேள்விகள் கூடினால் போதும்: என்ன வேலை செய்தார், எங்கே எத்தனை ஆண்டு குடியிருந்தார்.

7. மிஞ்சிய சிறுநீரகம்

‘கட்டியை எடுத்தாச்சு’ என்ற சொல்லோடு ஊர் அந்த மனிதரைக் குணமானவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுகளில். பத்தாண்டு கழித்துத் திரும்புவதும் இந்தப் புற்றுநோயின் தனிக்குணம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேனுக்குப் போக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏற யாருக்கும் மனம் வராது.

அதைவிடப் பெரிய ஆபத்து கவனத்துக்கே வராதது. தென்னிந்திய உப்பளங்களில் வெப்பத்தை ஆராய்ந்துவரும் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. அவர்களுக்கு இரண்டு சிறுநீரகம். அறுவை முடிந்த மீனவர் மூன்றாம் மாதம் மறுபடி கடலுக்குப் போகிறார். விவசாயக் கூலி மறுபடி நடவுக்கு இறங்குகிறார். வேலையை விடுங்கள் என்று ஆலோசனை சொல்வது எளிது; அதை யாரும் பின்பற்ற முடியாது. குடிக்கும் தண்ணீரின் அளவு, நண்பகலில் நிழல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகத் திறன் கணக்கு என்று செய்யக்கூடியதைச் சொன்னால் செய்வார்கள்.

வலை இழுத்த இடுப்பு வலிக்கும் நடவு நட்ட முதுகு வலிக்கும் கடற்கரையோரக் கிளினிக்குகளில் கிடைக்கும் மருத்துவம் ஒரே ஊசி, டைக்ளோஃபினாக். இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கே தண்ணீர் வற்றிய உடம்பில் அது தீங்கு செய்யும். ஊசி போடுகிறவருக்கு எதிரே இருப்பவர் ‘ஒத்தக் கிட்னி’க்காரர் என்று தெரியாது, வடு விலாவில் சட்டைக்குள் இருக்கிறது, அவரும் சொல்வதில்லை. புற்றுநோய் என்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்ற பயம் சொல்லவிடாமல் தடுப்பதும் உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தருகிறார். முழுதும் செயலிழந்த சிறுநீரகத்துக்காக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பைகளும் அத்திட்டத்தில் வருகின்றன. சிறுநீரகம் அத்திட்டத்துக்குள் நுழைவது அது செத்த பிறகுதான். ஒற்றைச் சிறுநீரகத்தோடு நலமாக இருப்பவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால், மாதம் ஒரு முறை வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணே அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து, அடுத்த ஸ்கேன் தேதியையும் நினைவூட்டிவிடலாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் ஆங்கிலச் சுருக்கத்தோடு, சட்டைப் பைக்குள் அடங்கும் தமிழ் அட்டை ஒன்றும் தர வேண்டும். அதில் நோயின் பெயர்கூட இருக்க வேண்டியதில்லை. இவருக்கு ஒரு சிறுநீரகமே உண்டு. டைக்ளோஃபினாக் போன்ற வலி ஊசி போடக்கூடாது. நீரில் ரத்தம் போனால் அன்றே ஸ்கேன். அன்னங்கோவில் படகுத்துறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர் வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டாம். அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தால் போதும்.